திருப்பிச் சொல்லும் வழக்கம்

மூடியக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் தபால்காரரே உதட்டைப் பிதுக்குவார். பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு டப்பாக் கம்பெனியில் மூடி அடிக்கும் பிரஸ்ஸுக்கு வந்தவள், தலை நரைக்கும் வரை மூடியே அடித்தாள், மூடியக்கா ஆகிவிட்டாள். எதிர் வரிசையில் டப்பாவுக்கு அடித்தகடு வெட்டும் பிரஸ் அவள் கணவருடையது. அதனால் அவர் அடியண்ணன். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. மனிதர் ஈயை விரட்டும்போதுகூட அதற்கு வலிக்குமோ என்று பார்த்துத்தான் விரட்டுவார். "மேலயும் நம்ம வீடு, கீழயும் நம்ம வீடு, நடுவுல இருக்கிற டப்பா மட்டும்தான் மொதலாளியோடது" என்று சொல்லிச் சிரிப்பாள் மூடியக்கா.

அந்த பிரஸ் ஷெட்டுக்குள் முதலில் காது போகும், பிறகுதான் கால் போகும். பெயிண்ட் டப்பா, பிஸ்கட் டப்பா, எண்ணெய் டின் என்று நாள் முழுக்கத் தகடு வெட்டுப்பட்டு, மடங்கி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உருண்டு போகும் இடம். பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கொட்டாவி விடுகிறார் என்றுதான் தோன்றும். அதனால் அங்கே எல்லாரும் கையாலும் உதட்டாலும் பேசினார்கள். மூக்கைப் பிடித்தால் சூப்பர்வைசர் வருகிறார். மணிக்கட்டைத் தட்டினால் டீக்கு நேரமாகிவிட்டது. மற்றதெல்லாம் உதடு. சத்தமில்லாமல் வாயை அசைத்தால் ஷெட்டின் அந்தக் கோடியில் இருப்பவர் படித்துவிடுவார். மாமியார் சண்டையிலிருந்து மகள் பரீட்சை வரைக்கும் அங்கேதான் பேசித் தீர்த்தார்கள். ஒரு சொல் வெளியே கேட்டதில்லை.

அந்தப் பேச்சுக்கு ஒரு சட்டம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும், வாங்கிக்கொண்டவர் அதை அப்படியே உதட்டால் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பதில். முன்பொரு சமயம் "மிதிக்காதே, கை உள்ளே இருக்கு" என்று மேஸ்திரி சொன்னதைச் சரியாகப் பார்க்காமலே ஒருவன் தலையாட்டிவிட்டுப் பெடலை மிதித்தான். மேஸ்திரிக்கு இரண்டு விரல் போயிற்று. மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே அவர் சட்டம் போட்டார். "தலையை மாடுகூட ஆட்டும். வாயால திருப்பிச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து அந்த ஷெட்டில் தலையாட்டல் செல்லாது.

இந்தச் சட்டத்தால்தான் மூடியக்காவின் கல்யாணம் ஊர்ச்சிரிப்பு ஆனது. இளவயதில் ஒருநாள் அடியண்ணன் எதிர் வரிசையிலிருந்து, முகமெல்லாம் சிவந்து, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று வாயசைத்தார். அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பழக்கதோஷம், உதடு தானாகவே "என்னைக் கட்டிக்கிறியா?" என்று திருப்பிச் சொல்லிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கூட்டம், பெண் பிள்ளையே கேட்டுவிட்டாள் என்று கொண்டாடித் தீர்த்தது. யார் யாரைக் கேட்டது என்ற வழக்கு அந்த வீட்டில் இன்றும் நிலுவையில் இருக்கிறது.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டி.வி.யில் செய்தி வாசிக்கும் பெண் வாயைத் திறந்தால் இவர்கள் இருவர் உதடும் கூடவே அசையும். அசைவது அவர்களுக்கே தெரியாது. மகள்தான் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். இப்போது அவளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அடியண்ணனுக்குக் காது அநேகமாகப் போய்விட்டது. செவிடன் காதில் சங்கு ஊதியதுபோல என்பார்கள். இவர் விஷயத்தில் ஊதுகிறவரின் வாய் தெரிந்தால் போதும். அவரிடம் குரலால் பேச வேண்டுமானால் கத்த வேண்டும். வரிசை வீடுகள், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அதனால் சத்தமாகச் சொல்வதெல்லாம் அக்கம்பக்கத்துக்கு, கையாலும் உதட்டாலும் சொல்வதுதான் வீட்டுக்கு என்று ஆகியிருந்தது.

கம்பெனி ஒரே நாளில் மூடவில்லை. முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு ஒரு ஷிஃப்ட் நின்றது. வெளிநாட்டுத் தகடு மலிவாக வருகிறது என்றார்கள். பிளாஸ்டிக் வந்துவிட்டது என்றார்கள். நஷ்டம் என்றார்கள். நஷ்டத்தில் இருக்கும் முதலாளி இன்னொரு ஊரில் புதுக் கம்பெனி எப்படிக் கட்டுகிறார் என்று கேட்டதற்கு, அது வேறு கணக்கு என்றார்கள். போன ஆட்சி போட்ட வரிதான் காரணம் என்றது ஆளுங்கட்சி. இந்த ஆட்சி எடுத்துவிட்ட வரிதான் காரணம் என்றது எதிர்க்கட்சி. இரண்டு சங்கங்களும் ஒன்றையொன்று துரோகி என்று போஸ்டர் ஒட்டின. எல்லாரும் ஒட்டியது ஒரே சுவரில்தான், பூட்டிய கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில்.

பூட்டிய மறுநாள் அடியண்ணன் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார். காது கேட்கிற மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்தால் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு வார்த்தை சொல்லலாம். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் உலகத்துக்கே கதவைச் சாத்தியது மாதிரி. தட்டு வைத்தாள், சாப்பிடவில்லை. தோளைத் தொட்டாள், திரும்பவில்லை. தாடி வளர்ந்தது. கட்டிலைச் சுவரை விட்டு இழுத்துப் போட்டு, அந்த இடுக்கில் போய் உட்கார்ந்து "என்னைப் பாருங்க" என்று வாயசைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்று அவள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவருக்குக் கேட்காது என்பது அழுகிற நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

அப்புறம்தான் கட்சித் தலைவர் வந்தார். தேர்தல் நெருங்கியிருந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? கேட்டுக்கு முன்னால் மேடை போட்டார்கள். தொழிலாளர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மேஸ்திரி நேரில் வந்து, அடியண்ணனின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "பேனர் பிடிக்க ஒசரமான ஆள் வேணும், எழுந்திரு" என்றார். மூன்று விரல் கையை மறுக்க அடியண்ணனுக்கு வாய் வரவில்லை. எழுந்தார்.

பேனரின் ஒரு முனையை விளக்குக் கம்பத்தில் கட்டி, மறுமுனைக் கழியை அவர் கையில் கொடுத்திருந்தார்கள். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். பிரஸ் ஷெட் ஆட்கள்தான் முன்னால் நின்றார்கள். தலைவர் அரை மணி நேரம் முழங்கினார். "இந்தக் கேட்டைத் திறக்காமல் நான் ஓயப்போவதில்லை" என்றார். கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலுக்குள் அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் முகம் மாறாமல் சொன்னார்: "இது திறக்காது. நிலத்துக்கு ஆள் பாத்தாச்சு. சீக்கிரம் முடிங்க, வெயில் தாங்கல."

மைக்கைப் பொத்தினாரே தவிர வாயைப் பொத்தவில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதை. வாழ்நாள் முழுக்க உதட்டைப் படித்தவர்களுக்கு எதிரே நின்றுகொண்டு மனிதர் ரகசியம் பேசியிருக்கிறார்.

மூடியக்கா ஒவ்வொரு சொல்லையும் பார்த்தாள். அடுத்த நொடி அவள் தேடியது அவரைத்தான். அவர் மேடைக்கு முதுகைக் காட்டி நிற்பதைப் பார்த்ததும் உயிர் வந்தது. இவர் பார்க்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், அவர்களும் பார்த்த மாதிரி தெரியவில்லை. நான் ஒருத்திதான் பார்த்துத் தொலைத்தேன் என்று நினைத்தாள்.

கூட்டம் கலைந்ததும் நேரே அவரிடம் போய், முகத்தில் இருக்கிற சிரிப்பையெல்லாம் திரட்டி, "தெறந்துடுவாங்களாம்!" என்று வாயசைத்தாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "தெறந்துடுவாங்களாம்" என்று திருப்பிச் சொன்னார். மறுநாள் காலையில் சவரம் செய்துகொண்டு, இட்லியோ ரொட்டியோ எதை வைத்தாலும் சாப்பிடும் பழைய மனிதராக எழுந்து உட்கார்ந்தார். கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டுத் தொழிலாளர்கள் காத்திருப்புப் போராட்டம் தொடங்கினார்கள். தினமும் அவர் நீல யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே போனார். தினமும் அவள் அதைத் தேய்த்துக் கொடுத்தாள். அந்த இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் பாதி அவள் நெஞ்சில் இருந்தது. இலவு காத்த கிளிக்காவது மரம் நிஜம். இவருக்கு அதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டே கிளியை மரத்துக்கு அனுப்பி வைக்கிறோமே என்று மருகினாள். ஊமை கண்ட கனவாக அதை உள்ளேயே வைத்துக்கொண்டாள். சொன்னால் மறுபடி சுவர் பக்கம் திரும்பிவிடுவாரே என்ற ஒரே பயம்.

அவளுக்கு ஒரு தம்பி. பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பு துவைக்கும் ராட்சத மெஷின்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தம்பி தன் மேலதிகாரியிடம் கெஞ்சி, தலைகீழாக நின்று, அந்த இடத்தை அடியண்ணனுக்காகப் பிடித்து வைத்திருந்தான். வியாழக்கிழமை சாயங்காலம் வந்து, அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

"மாமா, மெஷின் உங்களுக்குப் பச்சத் தண்ணி மாதிரி. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் டைம். அதுக்கப்புறம் வேற ஆளப் போட்டுடுவாங்க."

அடியண்ணன் ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் திருப்பிச் சொல்லி முடித்துவிட்டு, "வேணாம் மச்சான்" என்றார். "கம்பெனி தெறக்கிற அன்னைக்கு நான் இல்லன்னா என் மெஷின்ல வேற எவனையாவது நிறுத்திடுவாங்க."

"எந்தக் கம்பெனி மாமா தெறக்கப் போவுது? அக்கா, நீயாவது சொல்லேன்!"

மூடியக்கா வாயைத் திறந்தாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் இஷ்டம்டா" என்று மட்டும் சொன்னாள். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் புத்தி பெரண்டு போச்சு" என்று முணுமுணுத்தபடி போனான். முணுமுணுத்தாலும் அந்த வீட்டில் இருவருக்கும் அது புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை. சட்டையைத் தேய்த்து முடித்து மடிக்கப் போனவளுக்குக் கை ஓடவில்லை. சாயங்காலத்துக்குள் அந்த வேலை போய்விடும். போனால் இந்த வயதில், இந்தக் காதுக்கு, இன்னொன்று கிடைக்காது. அவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அவரை விளக்குக்கு நேராகத் திருப்பினாள். முகம் நன்றாகத் தெரிய வேண்டும்.

"ஒண்ணு சொல்லணும்," என்று வாயசைத்தாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றது அவர் உதடு.

"அன்னைக்கு மேடையில அவரு மைக்கப் பொத்திக்கிட்டு..."

"அன்னைக்கு மேடையில அவரு மைக்கப் பொத்திக்கிட்டு..."

"இது தெறக்காதுன்னு..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஆனால் அவர் உதடு நிற்கவில்லை. அவள் சொல்லாததையும் சொல்லிக்கொண்டே போனது.

"இது தெறக்காதுன்னு சொன்னாரு. நிலத்துக்கு ஆள் பாத்தாச்சு. சீக்கிரம் முடிங்க, வெயில் தாங்கல."

மூடியக்கா தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் மேடையப் பாக்கவே இல்லையே!" அவசரத்தில் கத்தியே கேட்டுவிட்டாள். பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

"மேடையப் பாக்கல," என்றார் உதட்டால். "உங்களப் பாத்தேன். முன்னால நின்ன அத்தன பேரோட வாயும் ஒண்ணா அசைஞ்சுது. எல்லாரும் கை தட்டிக்கிட்டே திருப்பிச் சொன்னீங்க. நீயும் சொன்ன."

அவள் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சொன்னது அவளுக்கே தெரியாது. எல்லாரும் மேடையைப் பார்த்து நின்றதால் ஒருவர் வாயை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்த ஒரே ஆள் பேனர் பிடித்தவர். யாருக்குத் தெரியக் கூடாது என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாளோ, அவருக்குப் பரிமாறியதே இவள் வாய்தான்.

"அப்புறம் ஏன் தெனம் பந்தலுக்குப் போனீங்க?"

"நீ சிரிச்சிக்கிட்டு ஓடி வந்த. தெரிஞ்சும் எனக்காகத்தான் நீ சிரிக்கிறன்னு புரிஞ்சுது. நான் திரும்பவும் படுத்தா நீ என்ன ஆவே? அதான் எழுந்துட்டேன். நீ சட்ட தேச்சுக் குடுத்த, நான் போட்டுக்கிட்டுப் போனேன்."

"கிடைச்ச வேலைய ஏன் வேணாம்னீங்க?"

அவர் அவள் தேய்த்து வைத்திருந்த சட்டையை ஒரு தரம் நீவிவிட்டார். பிறகு மெதுவாக, "அங்க யாருக்கும் நம்ம பேச்சு தெரியாதே," என்றார். "யார்கிட்ட என்னன்னு பேசுவேன்? காது கேக்காத ஆளுன்னா புத்தியும் கெடையாதுன்னு நெனைப்பாங்க."

மூடியக்காவுக்கு நெஞ்சு உருகிப் போயிற்று. இந்த மனிதரையா இத்தனை நாள் ஏமாற்றினோம் என்று நினைத்தவள், இந்த மனிதர் அல்லவா நம்மை ஏமாற்றியிருக்கிறார் என்று நினைத்து, அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர, அவர் நெஞ்சில் லேசாக ஒரு குத்து விட்டாள்.

அன்று இருவரும் சேர்ந்தே பந்தலுக்குப் போனார்கள். வழக்கம்போல எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், யூனிஃபார்மோடு, யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல். "எல்லாருக்கும் தெரியும்," என்று வழியில் அவர் சொல்லியிருந்தார். "ஒவ்வொருத்தரும் அடுத்தவங்களுக்காக உக்காந்திருக்காங்க." மூடியக்கா இப்போது பார்த்தாள். பெயிண்ட் டப்பாக்காரர் பக்கத்து ஆளுக்காகச் சிரித்தார். பக்கத்து ஆள் மேஸ்திரிக்காகச் சிரித்தார். இத்தனை அன்பை ஒரு கீற்றுப் பந்தலுக்குள் அடைத்து வைத்தால் புழுங்காமல் என்ன செய்யும்?

அடியண்ணன் அன்று பேனர் பிடித்த அதே இடத்தில் போய் நின்றார். கையைத் தட்டிக் கூப்பிட்டார். எல்லாரும் நிமிர்ந்தார்கள். சத்தமில்லாமல், ஷெட்டின் கடைசி வரிசைக்குச் சொல்வதுபோல வாயைத் திறந்து சொன்னார்: "இது திறக்காது. நிலத்துக்கு ஆள் பாத்தாச்சு."

பந்தல் முழுக்க உதடுகள் அசைந்தன. இந்த முறை எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை என்பதைத்தான் ஒவ்வொருவரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். மேஸ்திரி முதலில் சிரித்தார். "அடப்பாவிங்களா, நான்தான் உங்கள எல்லாம் காப்பாத்துறேன்னு நெனச்சேனே" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். யாரோ ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். அவளை யாரும் அடக்கவில்லை. எத்தனையோ நாளாக அந்தப் பந்தலில் அழ வேண்டியிருந்தது, அன்றுதான் அதற்கு இடம் கிடைத்தது.

பந்தலை அவர்கள் பிரிக்கவில்லை. திறக்கச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டு, தங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்க உட்கார்ந்தார்கள். தேர்தலுக்கு முந்தின வாரம் தலைவர் மறுபடி வந்து, "இந்தக் கேட் நிச்சயம் திறக்கும்" என்று முழங்கினார். கைதட்டலே இல்லை. எதிரே நின்ற அத்தனை பேரும் சத்தமே இல்லாமல், அன்று அவர் மைக்கைப் பொத்திக்கொண்டு சொன்னதை, 'வெயில் தாங்கல' வரைக்கும் ஒரு சொல் விடாமல் அவருக்கே திருப்பிச் சொன்னார்கள். "என்ன முணுமுணுக்கிறாங்க?" என்று அவர் உதவியாளரிடம் கேட்டதையும் படித்து, அதையும் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் அதைப் பார்க்க அடியண்ணன் அங்கே இல்லை. அவருக்கு அன்று டியூட்டி.

ஆமாம், அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ளேயே மூடியக்கா தம்பிக்குப் போன் போட்டு, அவர் தயங்கிய காரணத்தைச் சொன்னாள். "அங்க மெஷின் போடுற சத்தத்துல எல்லாருமே செவிடுதான்க்கா. மாமா வந்தா நாலு பேருக்குக் கத்துக் குடுக்கட்டும்" என்றான் அவன். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை அவரைப் பேருந்து ஏற்ற வந்தாள். நீலச் சட்டை வீட்டில் மடித்தபடி இருந்தது. மகள் எப்போதோ வாங்கிக் கொடுத்து, நல்ல நாளுக்கு என்று எடுத்து வைத்திருந்த கோடு போட்ட சட்டை அவர் உடம்பில் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே கேட்டுக்குள் ஒன்றாக நுழைந்தவர்கள், முதல் தடவையாக ஒருவர் மட்டும் போகிறார். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. கண்ணாடி இறுகிப் போய்த் திறக்க வரவில்லை. மற்றவர்கள் உள்ளேயிருந்து வெளியே கத்திக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

"சாப்பாட்டு டப்பா எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள்.

"சாப்பாட்டு டப்பா எடுத்துக்கிட்டீங்களா," என்று திருப்பிச் சொல்லிவிட்டு, டப்பாவைத் தூக்கிக் காட்டினார். மூடி அவள் அடித்தது, அடி அவர் வெட்டியது. டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். கண்ணாடி அதிர்ந்தது. அப்போது அவர் உதடு மறுபடி அசைந்தது.

"பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் அவர் வாயில் அந்தச் சொல்லை அவள் பார்த்ததே இல்லை. ஆறுதலாகச் சொல்ல ஆயிரம் வார்த்தை அவள் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் சட்டம் சட்டம்தான். முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"பயமா இருக்கு," என்றாள் மூடியக்கா. சொன்ன பிறகுதான் தனக்கும் அதுதான் என்று தெரிந்தது. ஆறுதல் வார்த்தை எதையும் அவள் சொல்லவில்லை. அவர் முகம் தெளிந்தது. தன் சொல் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

வண்டி நகர்ந்தது. அவர் கழுத்தைத் திருப்பி, கண்ணாடியில் நெற்றி முட்ட, "சாயங்காலம் வந்துடுவேன்" என்றார்.

"சாயங்காலம் வந்துடுவேன்," என்று திருப்பிச் சொன்னாள். பேருந்து தெருமுனையில் மறையும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு நின்றாள்.